சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்: பழைய வீட்டின் மராமத்துச் செலவைக் கணக்கிடப் பழகுவது

மதுரை தெற்கு மாசி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் நானும் என் மைத்துனரும் சேர்ந்து ஒரு பழைய வீடு வாங்கினோம். 800 சதுர அடி. சரிசெய்து வாடகைக்கு விடலாம் என்று திட்டம். விலை பேசுவதற்கு முன் ஒரு காண்ட்ராக்டரைக் கூட்டிப்போய்க் காட்டினோம். பத்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, "சதுர அடிக்கு 500 ரூவா வச்சுக்கங்க சார், ஜம்முனு பண்ணிரலாம்" என்றார். பெருக்கினால் 4 லட்சம். அதையே நம்பிக் கிரயம் முடித்தோம். வேலை முடிந்தபோது 6 லட்சத்து 90 ஆயிரம் ஆகியிருந்தது. அதில் ரப்பிஷ், அதாவது இடிபாட்டுக் கழிவை, அள்ளி வெளியேற்றியதற்கு மட்டும் 38 ஆயிரம். அப்படி ஒரு செலவு உண்டு என்பதே அதுவரை எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அவர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் கேட்ட கேள்வியே தப்பு. புது வீட்டுக்குச் சதுர அடி ரேட் ஓரளவு பொருந்தும். அஸ்திவாரத்திலிருந்து பெயிண்ட் வரை எல்லா வீட்டிலும் ஏறக்குறைய அதே வேலைதான். பழைய வீடு அப்படியா? ஒரு வீட்டில் கூரை போயிருக்கும். அடுத்த வீட்டில் கூரை கல்லு மாதிரி இருக்கும், குழாய் பூராவும் துருப்பிடித்திருக்கும். இரண்டும் 800 சதுர அடிதான்.

ரேட்டை யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அளவை மட்டும் நாம்தான் எடுக்க வேண்டும். எத்தனை சதுர அடி பூச்சு உடைக்கணும், எத்தனை மூட்டை மண் வெளியே போகணும், எத்தனை லைட் பாயிண்ட் மாற்றணும் என்று எழுதத் தெரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. எஞ்சினியருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. பெருக்கல் தெரிந்தால் போதும்.

வீடு பார்க்கப் போகும்போது

முதல் தடவை புரோக்கரோடு போவீர்கள், அது தெருவையும் வீட்டையும் பார்க்க. கணக்குக்கு இரண்டாவது தடவை தனியாகப் போங்கள். தெரிந்த கொத்தனார் ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது. அந்த வேலையை அவருக்கே கொடுப்பதாக ஆசை காட்டாதீர்கள். வேலை கிடைக்கும் என்று தெரிந்தால் செலவைக் குறைத்துச் சொல்வார், கிடைக்காது என்றால் உள்ளதைச் சொல்வார்.

கையில் டேப், டார்ச், ஸ்க்ரூ டிரைவர், ஒரு ரூபாய் நாணயம், கோலிக்குண்டு ஒன்று, கோடு போட்ட நோட்டு. கோலிக்குண்டு எதற்கென்றால், தரையில் வைத்து விட்டால் எந்தப் பக்கம் உருள்கிறது என்று பார்க்க. குளியலறையில் அது தண்ணீர் போகும் வாய்க்குப் போக வேண்டும். வாசலுக்கு ஓடிவந்தால் தரையைப் பெயர்க்கும் செலவை எழுதிக்கொள்ளுங்கள்.

மதுரையில் நிறைய வீடுகள் சித்திரை, வைகாசி வெயிலில்தான் காட்டப்படும். அப்போது எந்தச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார்ப்பதுபோல் வராது. அதுவரை காத்திருக்க முடியாது என்றால், எதிர்வீட்டில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் "மழைக்கு இந்தத் தெருவில் தண்ணி நிக்குமாம்மா?" என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததெல்லாம் வந்துவிடும். இன்னொன்று, விற்கும் வீட்டில் ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் அந்தச் சுவரை முதலில் பாருங்கள்.

மேலிருந்து கீழே

கூடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நேரே மொட்டை மாடிக்குப் போங்கள். தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது, செலவும் அப்படித்தான். கூரையை விட்டுவிட்டுக் கீழே பெயிண்ட் அடித்தால் அடுத்த மழையோடு அந்தப் பணம் கரைந்துவிடும்.

மதுரையில் நீங்கள் பார்க்கப்போகும் கூரை பெரும்பாலும் இரண்டு வகை. மாசி வீதி, வெளி வீதிகளுக்கு உள்ளே இருக்கும் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெர்ரஸ் இருக்கும். தேக்கு உத்திரம், அதன் மேல் கட்டைகள், அதற்கு மேல் சுண்ணாம்புக் காரையில் சாய்வாக அடுக்கிய செங்கல், செங்கல் ஜல்லி, மேலே தட்டோடு என்கிற தட்டை ஓடு. இதில் பார்க்க வேண்டிய இடம் உத்திரத்தின் நடுப்பகுதி அல்ல, அது சுவருக்குள் நுழையும் முனை. ஈரம் அங்கேதான் தங்கும், கறையானும் அங்கேதான் வரும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் திருப்பித் தள்ளினால் நல்லது. பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்த உத்திரம் கணக்கில் ஏறிவிட்டது. ஒரு உத்திரம் மாற்றுவது என்றால் மர விலை மட்டும் இல்லை. கூரைக்கு முட்டுக் கொடுக்கணும், மேலே உள்ள செங்கலில் கொஞ்சம் பிரிக்கணும், திரும்ப அடுக்கணும். அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள். எந்தக் கொத்தனாரும் "அதைப் பூராம் எடுத்துட்டு காங்கிரீட் போட்டுரலாம்ணே" என்றுதான் சொல்வார். இரண்டுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள்.

அண்ணா நகர், கே.கே. நகர், வில்லாபுரம் பக்கம் 1980, 90களில் கட்டிய வீடுகளில் காங்கிரீட் கூரை. உள்ளே கூரையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கம்பி துருப்பிடித்தால் உப்பும், உப்பிய கம்பி காங்கிரீட்டைத் தள்ளி விடும். குளியலறைக் கூரையிலும் சன்ஷேடின் அடியிலும்தான் இது முதலில் தெரியும். பெயர்ந்த இடத்தை அளந்து சதுர அடியில் எழுதுங்கள். எழுதியதை இரண்டால் பெருக்குங்கள். சுத்தியல் பட்டதும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதும் வந்துவிடும், எப்போதும் வரும்.

தட்டோட்டை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் பிடித்திருக்கிறது. டொக்கென்று பொள்ளலாகக் கேட்டால் அடியில் காற்று போயிருக்கிறது, தண்ணீரும் போகும். பாதிக்கு மேல் பொள்ளலாக இருந்தால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை, முழுவதையும் எடுக்க வேண்டும். 600 சதுர அடி மாடியில் பழைய தளம் 4 அங்குலம் என்றால் அது 200 கன அடி. உடைத்தால் ஒன்றரை மடங்காகும். 300 கன அடி, அதாவது 3 யூனிட் இடிபாடு. அதைக் கீழே இறக்க வேண்டும். இதை மறக்காதீர்கள், திரும்ப இதற்கு வருவோம்.

ஓதம்

நம் ஊரில் மராமத்துக் கணக்கைக் கவிழ்ப்பது ஓதம்தான். மழைத் தண்ணீர் மேலிருந்து வருவது வேறு, தரையிலிருந்து சுவர் உறிஞ்சுவது வேறு. இரண்டாவதுதான் ஓதம். பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஈரத்தைத் தடுக்க ஒன்றும் போட்டிருக்க மாட்டார்கள். சுவரின் அடியில் இரண்டு, மூன்று அடி உயரம் வரை பெயிண்ட் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். கையால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும்.

சுண்ணாம்புச் சுவர் என்றால் ஒரு எச்சரிக்கை. அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். மூன்றடியில் இருந்த ஓதம் ஐந்தடிக்கு வரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். கூலி கூடும், நாளும் கூடும். கணக்கில் அதற்குத் தனி வரி போடுங்கள்.

வாசலில் நின்று இன்னொன்றையும் பாருங்கள். ரோடு போடப் போடத் தெரு உயர்ந்து, வீட்டின் தரை தெருவைவிடத் தாழ்ந்திருக்கிறதா? பழைய மதுரைக்குள் இது சாதாரணம். இப்படிப்பட்ட வீட்டில் டைல்ஸ் மட்டும் மாற்றுவது வீண்செலவு. தரையை உயர்த்தியாக வேண்டும். 600 சதுர அடித் தரையை ஒன்றரை அடி உயர்த்த 900 கன அடி கிராவல், அதாவது 9 யூனிட். அதோடு முடிந்ததா? தரை ஒன்றரை அடி ஏறினால் கதவு ஒன்றரை அடி குட்டையாகும், ஜன்னல் தரைக்கு வந்துவிடும், கூரை தலையில் இடிக்கும். நிலை, அதற்கு மேலுள்ள லிண்டல் எல்லாம் மாறும். நானாக இருந்தால் இப்படி ஒரு வீட்டை நிலத்தின் விலைக்குத்தான் கேட்பேன். கட்டடத்துக்கு ஒரு ரூபாய் கூடத் தர மாட்டேன்.

ஒரே ஒரு அறையைக் கணக்குப் போடுவோம்

புதிதாகப் பழகுகிறவர்கள் முழு வீட்டையும் ஒரே மூச்சில் அளக்காமல், ஒரு அறையை முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. கதவு ஒன்று, 3 அடிக்கு 7 அடி. ஜன்னல் இரண்டு, 4 அடிக்கு 4 அடி, தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஆரம்பிக்கிறது. ஓதம் 3 அடி வரை ஏறியிருக்கிறது.

ஓதக் கோட்டுக்கு மேல் இன்னும் ஒரு அடியாவது சேர்த்து உடைக்க வேண்டும். ஆக 4 அடி. சுற்றளவு 44 அடி. 44ஐ 4ஆல் பெருக்கினால் 176. கதவுக்கு 12 கழிக்கலாம், ஜன்னல்கள் அந்த உயரத்துக்குள் ஒரு அடிதான் வருகின்றன, அதற்கு 8. மிச்சம் 156 சதுர அடி. கொத்தனார் பாஷையில் ஒன்றரைச் சதுரத்துக்குக் கொஞ்சம் மேல். நூறு சதுர அடி ஒரு சதுரம்.

ஒரு சதுரம் பூச்சுக்கு ஒரு மூட்டை சிமெண்ட், 5 முதல் 6 கன அடி பி சாண்ட் (பூச்சு மணல்) என்று வைத்துக்கொண்டால் அடிபடாது. ஆக 2 மூட்டை, 10 கன அடி. ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் சேர்ந்து நாளைக்கு ஒரு சதுரம் பூசுவார்கள். பூச்சுக்கு 2 நாள், பழையதைக் கொத்தி எடுத்துச் சுத்தம் செய்ய ஒரு நாள். மொத்தம் 3 நாள்.

இப்போது இடிபாடு. பழைய பூச்சு ஒரு அங்குலத் தடிமன். 156ஐ 12ஆல் வகுத்தால் 13 கன அடி. உடைந்து உதிரும்போது ஒன்றரை மடங்கு, 20 கன அடி. காலி சிமெண்ட் மூட்டையில் ஒரு ஆள் தூக்குகிற அளவுக்கு அள்ளினால் ஒரு கன அடி பிடிக்கும், 40 கிலோ வரும். ஆக 20 மூட்டை. ஒரு குட்டியானை (சின்ன லோடு வண்டி) லோடு. ஒரே ஒரு அறை, அதிலும் அரைச்சுவர்!

பணமாக மாற்றிப் பார்ப்போம். கணக்குக்காகக் கொத்தனாருக்கு 1,000, சித்தாளுக்கு 650 என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பக்கத்துக் கூலியைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 3 நாளுக்கு 4,950. சிமெண்ட் மூட்டை 380 என்றால் 760. பி சாண்ட் கன அடி 70 என்றால் 700. மூட்டை சுமந்து வண்டியில் ஏற்ற 500, வண்டிக்கு 1,500. மொத்தம் 8,410.

இதில் சிமெண்ட், மணல் இரண்டும் சேர்ந்து 1,460 ரூபாய்தான். ஆறில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் கூலியும் சுமையும். புது வீடு கட்டும்போது சிமெண்ட் விலை பத்து ரூபாய் குறைகிறதா என்று நான்கு கடை ஏறி இறங்குவோம். சின்னச் சின்ன மராமத்தில் அந்த அலைச்சலுக்கு அர்த்தமில்லை. கொத்தனார் காலை 9 மணிக்கு வந்துநிற்கும்போது பொருள் வீட்டில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். மணல் வராமல் ஒரு நாள் வீணானால் 1,650 ரூபாய் போச்சு.

அதே அறைக்குத் தரை டைல்ஸ். 120 சதுர அடி. ஓரத்தில் 4 அங்குலப் பட்டி, கதவு போக 41 அடி நீளம், அதற்கு 14 சதுர அடி. 134 ஆச்சு. வெட்டிலும் உடைசலிலும் போவதற்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 147. இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் நான்கு கொண்ட பெட்டியை 16 சதுர அடி என்றுதான் கடையில் சொல்வார்கள். ஆனால் அந்த டைல்ஸ் 600 மில்லிமீட்டர், இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. பெட்டிக்கு 15.5தான் வரும். ஆக 10 பெட்டி. ஒரு பெட்டி கூடவே வாங்கி லாப்டில் போட்டு வையுங்கள், நாளைக்கு ஒன்று உடைந்தால் அதே நிறம் கிடைக்காது.

பெயிண்டுக்கு இவ்வளவு அளக்க வேண்டாம். சுவரும் கூரையும் சேர்ந்து தரைப் பரப்பைப்போல் மூன்றரை மடங்கு என்று எடுத்துக்கொண்டால் ஓரளவு சரியாக வரும்.

சந்தின் அகலம் ஒரு செலவு

திரும்ப வருவோம் என்றேனே, அந்த ரப்பிஷ். எங்கள் வீட்டுச் சந்து ஆறடி அகலம். குட்டியானை வாசலுக்கு வராது. மாசி வீதி ஓரத்தில் வண்டியை நிறுத்தி, வீட்டிலிருந்து அங்கே வரை ஒவ்வொரு மூட்டையையும் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பகலில் அந்த வீதியில் லோடு வண்டி நிறுத்தவே இடமில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல், அல்லது விடிகாலை. ராத்திரி வேலைக்குக் கூலி தனி. முதல் நாள் ராத்திரி நானும் நின்று எண்ணினேன். 140 மூட்டை. மூன்று பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமாக ஓடிச் சுமந்தார்கள். அப்போதும் கூடத்தில் மலை குறைந்த மாதிரித் தெரியவில்லை.

வெளியே போவதற்கு மட்டுமா? உள்ளே வரும் செங்கல், மணல், டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் இதே சுமைதான். அதனால் வீட்டு வாசலில் நின்று, லாரி எதுவரை வரும், குட்டியானை எதுவரை வரும், அங்கிருந்து வாசல் எத்தனை அடி என்று நடந்து பார்த்து எழுதுங்கள். கே.கே. நகரில் வாசலில் லாரி நிற்கும் வீட்டுக்கும் சிம்மக்கல்லில் சந்து வீட்டுக்கும் ஒரே வேலைக்கு ஒரே விலை ஆகாது. இடிபாடு எங்கே கொட்டப்படுகிறது என்றும் கேளுங்கள். வைகைக்குள்ளும் கண்மாய்க்கரையிலும் தள்ளிவிட்டுப் போகிற வண்டிக்காரர்கள் கொஞ்சம் குறைத்துக் கேட்பார்கள். பிடிபட்டால் யார் வீட்டு மண் என்று உங்களிடம்தான் வருவார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. பழைய வீட்டில் தேக்கு நிலை, கதவு, உத்திரம் இருந்தால் அதற்கு விலை உண்டு. இடிக்கிற ஆள் "மரத்தை நாங்க எடுத்துக்கிறோம், இடிக்கிற காசு வேண்டாம்" என்று பெருந்தன்மையாகச் சொன்னால் உஷாராகுங்கள். முதலில் பழைய மரம் வாங்குகிறவரிடம் காட்டி விலை கேட்டுவிட்டு, அப்புறம் பேசுங்கள்.

கண்ணுக்குத் தெரியாதவை

வயரிங்கில் நடுவழி கிடையாது. மரப்பட்டி அடித்த பழைய வயரிங், அலுமினிய வயர், எர்த் இல்லாத பிளக் என்று எது இருந்தாலும் முழுவதும் மாற்றுவதாகவே எழுதுங்கள். எலக்ட்ரீஷியன் பாயிண்ட் கணக்கில் கூலி கேட்பார். அறை அறையாக லைட், ஃபேன், பிளக் எண்ணுங்கள். ஏசிக்கும் ஹீட்டருக்கும் தனி வயர் போகும், அவற்றைத் தனியாக எண்ணுங்கள். சுவரில் வெட்டி மூடும் கொத்தனார் வேலை எலக்ட்ரீஷியன் சொல்லும் விலையில் சேராது, காண்ட்ராக்டர் சொல்லும் விலையிலும் சேராது. அது கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

பழைய இரும்புக் குழாய் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு, உள்ளே படிந்து படிந்து விரல் நுழையாத அளவுக்கு அடைத்திருக்கும். மாடித் தொட்டி நிரம்பியிருக்கும்போது கீழே ஒரே சமயம் இரண்டு குழாயைத் திறந்து பாருங்கள். ஒன்று நூலாக ஒழுகினால் குழாயும் கணக்கில் சேரும். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, செப்டிக் டேங்க்கா என்றும் கேட்டு, மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். மாநகராட்சியோடு பிற்பாடு சேர்ந்த பகுதிகளில் இதைக் கேட்காமல் விடவே கூடாது.

குளியலறைதான் வீட்டிலேயே சிறிய அறை, சதுர அடிக்கு அதிகம் விழுங்குவதும் அதுதான். 5 அடிக்கு 7 அடிக் குளியலறையின் தரை 35 சதுர அடிதான். சுவரில் 7 அடி உயரம் டைல்ஸ் ஒட்டினால் கதவு போக 150 சதுர அடிக்கு மேல் வரும். அதோடு பழைய டைல்ஸ் உடைப்பு, நீர்க்கசிவுத் தடுப்பு, குழாய், கழிப்பறைக் கோப்பை. குளியலறையை ஒருபோதும் சதுர அடியில் போடாதீர்கள். ஒரு குளியலறைக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் போடுங்கள்.

விலை கேட்பது

இப்போது உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும். வேலை, அளவு, அலகு என்று மூன்று கட்டம். நான்காவது கட்டம் காலி. அந்தத் தாளை மூன்று பிரதி எடுத்து மூன்று பேரிடம் கொடுங்கள். காலிக் கட்டத்தை அவர்கள் நிரப்பட்டும். எல்லோரும் ஒரே அளவுக்கு விலை சொல்லும்போதுதான் ஒப்பிடவே முடியும். ஒருவர் மொத்தமாக 5 லட்சம் என்று மட்டும் சொன்னால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஆளாளுக்கு விலை சிதறினால் எது நியாயம் என்று பார்க்கப் பொதுப்பணித்துறை ஆண்டுதோறும் வெளியிடும் விலைப்பட்டியல் உதவும். சந்தை விலை அதிலிருந்து விலகும், ஆனாலும் ஒரு வேலையில் பொருள் எவ்வளவு, கூலி எவ்வளவு என்ற விகிதம் புரியும். போன வருடம் நண்பர் கட்டிய கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22இல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. கூலி அந்தப் பக்கம் போகவே போகாது, ஏறும்.

எதிர்பாராததற்கு எவ்வளவு சேர்ப்பது? காங்கிரீட் வீடு என்றால் நான் 15 சதவீதம் சேர்ப்பேன். சுண்ணாம்பு வீடு, மர உத்திரம் என்றால் 30. அது கூடுதல் என்று மைத்துனர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் முதல் வீட்டில் 72 சதவீதம் கூடியது என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துவேன்.

நாள் கணக்கும் பணக் கணக்குதான். வேலை நடக்கும் மாதங்களில் வாடகை வராது, கடனுக்கு வட்டி மட்டும் போகும். தை பிறந்தால் முதல் நாள் அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, அடுத்து பாலமேடு, அதற்கடுத்து அலங்காநல்லூர். அந்த வாரத்தில் கொத்தனாருக்கு போன் போட்டால் பின்னணியில் மைக் சத்தம்தான் கேட்கும். சித்திரைத் திருவிழாவின்போது மாசி வீதிக்குள் மணல் வண்டி நுழைவதை மறந்துவிடலாம். இரண்டு மாத வேலை என்று சொன்னால் மூன்று மாதம் எழுதுங்கள்.

முதலீடாகப் பார்த்தால்

வாங்கி, சரிசெய்து, உடனே விற்று லாபம் பார்க்கலாம் என்று பலர் வருகிறார்கள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பெண்கள் பெயரில் 10 லட்சம் வரையான சொத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை உண்டு. 30 லட்சம் வீட்டுக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் அங்கேயே போய்விடும். உங்களிடம் வாங்குகிறவரும் இதே 9 சதவீதத்தை மனதில் வைத்துத்தான் விலை கேட்பார். இரண்டு வருடத்துக்குள் விற்றால் லாபம் குறுகிய கால ஆதாயமாகி உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரி போடப்படும். அதனால் நான் வாடகைக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறவன். மேலே ஒரு மாடி போட்டு ஈடுகட்டலாம் என்று நினைத்தாலும், மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது. பழைய நகருக்குள் வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தாளில் உள்ள வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். செய்யாவிட்டால் வீடு கெடும் வேலைகள் ஒரு பக்கம், வீடு அழகாகும் வேலைகள் ஒரு பக்கம். ஒரு உதாரணம். இப்போது 9,000 வாடகை வரும் வீடு. கூரை, ஓதம், வயரிங், குளியலறை மட்டும் செய்ய 3 லட்சத்து 50 ஆயிரம், வாடகை 13,500 ஆகும். கூடுதலாக வருவது வருடத்துக்கு 54,000, போட்ட பணம் ஆறரை வருடத்தில் திரும்பும். அதோடு மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், பெரிய டைல்ஸ் எல்லாம் சேர்த்து 6 லட்சம் போட்டால் வாடகை 15,000. மொத்தமாகப் பார்த்தால் எட்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேல், மோசமில்லை என்று தோன்றும். அந்த இரண்டாவது இரண்டரை லட்சத்தை மட்டும் தனியாக எடுங்கள். அது கொண்டுவருவது மாதம் 1,500, வருடத்துக்கு 18,000. திரும்ப வர பதினான்கு வருடம் ஆகும், அதற்குள் அந்தக் கிச்சனை இரண்டு தடவை மாற்ற வேண்டிவரும்.

வேலை ஆரம்பித்ததும் அதே தாளில் ஐந்தாவது கட்டம் ஒன்று போட்டு, சனிக்கிழமை கூலி கொடுத்துவிட்டு வந்ததும் நிஜமாக ஆன செலவை எழுதிக்கொண்டே வாருங்கள். எந்த வரியில் தப்பினீர்கள் என்று அடுத்த வீட்டுக்கு அதுதான் சொல்லும். பில்களையும் அதோடு வையுங்கள். வாடகை வருமானத்துக்கு வருமான வரியில் 30 சதவீதக் கழிவு எப்படியும் உண்டு, நீங்கள் மராமத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும் அது மாறாது. ஆனால் கூரை மாற்றியது, அறை சேர்த்தது போன்ற செலவுகளைப் பிற்பாடு வீட்டை விற்கும்போது ஆதாயத்திலிருந்து கழிக்கலாம், பில் இருந்தால். கடைகளில் தரும் வழவழப்புத் தாள் பில் ஒரு கோடைக்குள் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.